மூங்கில் தட்டிக்கு இந்தப் பக்கம்

முதலில் அந்த அம்மாளின் மூச்சைத்தான் எடுத்தேன். கல்தொட்டியின் எதிர்முனையில் கழுத்துவரை வெந்நீரில் அமிழ்ந்து, நாலாக மடித்த சின்னத் துண்டை உச்சந்தலையில் வைத்துக்கொண்டு அவள் ஹாஆஆ என்று ஒரு மூச்சு விட்டாள். லாரி டயரில் ஆணி இறங்கினால் காற்று முதலில் அடக்கமாகவும் பிறகு வெட்கமே இல்லாமலும் போகுமே, அப்படி. நானும் விட்டேன், அதே நீளம், அதே கடைசி நடுக்கம். அவள் கண்ணைத் திறந்தாள், முறைப்பதா சிரிப்பதா என்று ஒரு நொடி அவளுக்கே தெரியவில்லை, பிறகு தாடை குலுங்கச் சிரித்து ‘ஜோஸு, ஜோஸு’ என்றாள், கெட்டிக்காரி என்று அர்த்தம், ஜனவரியிலிருந்து இங்கே பயிற்சிக்கு வந்து கிடக்கிற அப்பாவுக்குத் தெரிந்த இருபது ஜப்பானிய வார்த்தைகளில் அது ஒன்று, நானும் அவள் தாடையையே கடன் வாங்கி ‘ஜோஸு, ஜோஸு’ என்றேன், அவள் தண்ணீரைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். இந்த ஊரில் எல்லாமே எடுக்கிற மாதிரி இருக்கிறது. நேற்றுக் காலை மலை ரயிலில் வந்த அறிவிப்புப் பெண் குரல், பாதி தேன் பாதி மூக்கு, அதைப் பெட்டியிலேயே எடுத்துவிட்டேன், எதிர் சீட்டுக்காரர் தன் நிறுத்தம் வந்துவிட்டதென்று பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேவிட்டார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். ஓசூரில் என்றால் ‘பொது எடத்துல வாய மூடுறியா’ என்று தொடையில் ஒரு கிள்ளு விழுந்திருக்கும், விழவில்லை. விடுதி வாசலில் முட்டிபோட்டு வரவேற்ற அம்மாளின் ‘இராஷ்ஷாய்மஸேஏஏ’யை அவர் முதுகு திரும்பியதும் எடுத்தேன், அதற்கும் சிரிப்பு. ஊருக்குள் நடக்கும்போது சாக்கடை மூடி ஒவ்வொன்றிலிருந்தும் ஆவி, ஊரே இட்லிக்குண்டான் மூடியைத் திறந்த மாதிரி, ஆனால் வாசனை இட்லி இல்லை, அழுகின முட்டை, கந்தகமாம், உடம்புக்கு நல்லதாம், நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு எங்கள் கெமிஸ்ட்ரி சாராக மாறி ‘மை டியர் ஸ்டூடண்ட்ஸ், திஸ் இஸ் நாட் மீ’ என்றேன், அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், இத்தனைக்கும் அவருக்கு அந்த சாரை யாரென்றே தெரியாது. நான் இந்தப் பயணத்தில் நல்ல ஃபார்மில் இருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஜப்பான் காற்று.

அம்மா மட்டும் வெந்நீர் ஊற்றுக் குளத்துக்குள் இறங்க மாட்டேன் என்றுவிட்டாள். குளிக்க விடுதியிலேயே ஒரு பழுப்பு அங்கி கொடுக்கிறார்கள், அக்குளிலிருந்து முழங்கால் வரைக்கும் வரும், அதைப் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும், சொந்தத் துணி தண்ணீரில் படக்கூடாது, சுவரில் சட்டைப் படம் போட்டுச் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருக்கிறது. ‘தோள் தெரியுது, முட்டி தெரியுது, இதையப் போட்டுட்டு நான் வெளிய வரணுமா, நல்லா இருக்குது நாயம்’ என்று அம்மா சுடிதார், ஸ்வெட்டர் சகிதம் கரையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தாள். சுடிதார் விளிம்பு தண்ணீரைத் தொட்டதும் எதிர்முனை அம்மாள் விரலை உயர்த்தி ‘டமே, டமே’ என்றாள். கூடாது, கூடாது. அம்மா பதறிக் காலை எடுத்தால் மெட்டி இரண்டும் கருகிப்போயிருந்தன, வெள்ளி, கந்தகத் தண்ணீர் பட்டதும் அடுப்புக்கரி. ‘அய்யோ, தாலி கட்டுன அன்னிக்குப் போட்டதுடி’ என்று பேஸ்ட் போட்டுத் தேய்க்க அறைக்கு ஓடினாள். ஆக நான், அந்த அம்மாள், ஆவி, மூங்கில் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் குளம். இரண்டு ஆள் உயரத் தட்டி, மேலே வெறும் வானம், இந்தப் பக்க ஆவி அந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்க ஆவி இந்தப் பக்கம் வருகிறது, அப்பாவின் தொண்டைச் செருமலும் வருகிறது, ஏதோ ஒரு பாட்டின் முதல் வரியை மட்டும் அவர் திரும்பத் திரும்பப் பாடுவதும் வருகிறது, இரண்டாம் வரி அவருக்கு எந்தப் பாட்டிலும் தெரியாது. அவர் மட்டும்தான் இருக்கிறார் போல. எனக்கு வாய் குறுகுறுத்தது. நேற்றுச் சாப்பாட்டின்போது அப்பா ஒரு சின்னப் பீங்கான் குடுவையிலிருந்து ஊற்றி ஊற்றிக் குடித்துவிட்டு ‘வெறும் வெந்நீர்ட்டி, ஜீரணத்துக்கு’ என்றார், அம்மா நம்பவில்லை, நானும் நம்பவில்லை, வெந்நீர் குடித்து யாருக்காவது காது சிவக்குமா. அம்மா குரலில் கேட்டால் உளறிவிடுவார். அம்மா குரல் எனக்கு உழைப்பே இல்லை, போனில் என்னைத் தமயந்தி என்று நினைத்து என் சித்தி பத்து நிமிடம் தன் மாமியாரைத் திட்டியிருக்கிறாள். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று மட்டும் யோசித்தேன். என் முன்னால் அம்மா அப்பாவை ‘என்னங்க’ என்பாள், அது சப்பென்று இருக்கும், யார் வீட்டிலும் இருக்கிற என்னங்க. அவளுக்குள் இன்னொன்று இருக்கிறது, கோபிச்செட்டிபாளையத்து அசல் சரக்கு, கடைசி எழுத்து மூக்குக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதை எடுத்தேன். துண்டை வாயருகில் தயாராக வைத்துக்கொண்டு, கழுத்தை அம்மா மாதிரி கொஞ்சம் சாய்த்து, தட்டியை ஒட்டி,

“ஏனுங்…”

பாட்டு நின்றது.

“சொல்லு பிள்ள.”

“தண்ணி சூடு பத்துதுங்களா?”

“நல்லாத்தான் இருக்கு. மிருகம் எங்க?”

மிருணாளினி என்று பெயர் வைத்தவரே அதை மிரு ஆக்கி, மிருவை மிருகம் ஆக்கியவர். துண்டைக் கடித்துக்கொண்டேன்.

“ரூமுக்கு அனுப்பிட்டனுங். மெட்டி கறுத்துப்போச்சு, பேஸ்ட் எடுத்தாரச் சொல்லி.”

தண்ணீர் சலசலத்தது, அப்பா தட்டிப் பக்கமாக நகர்ந்து வருகிறார், மீன் தூண்டிலுக்கு வருகிறது, நான் அடுத்த வரியை நாக்கில் எடுத்து வைத்திருந்தேன், நேத்து குடிச்சது என்னதுங், என்று. அதற்குள் அப்பா குரலைத் தாழ்த்தி,

“டாக்டர் மெயில் போட்டிருக்காருட்டி. ஜூன் நாலாந்தேதி.”

என் சிரிப்பு தொண்டையில் பாதி ஏறியிருந்தது. அது அங்கேயே நின்றது, மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. எந்த டாக்டர் என்று கேட்க முடியாது, அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். என்ன ஜூன் நாலு என்று கேட்க முடியாது, அதுவும் தெரிந்திருக்கும். தெரிந்தவள் கேட்கிற மாதிரிக் கேட்க வேண்டும்.

“என்னன்னுங்?”

“அதேதான். ரெண்டாவது ஆளும் அதேதான் சொல்லுதாரு. உசுருக்குப் பயமில்ல, அத மூணு தடவ கேட்டுட்டேன், பயமில்ல. ஆனா கொரலுக்குப் போற நரம்பு கட்டியோட ஒட்டிக் கெடக்காம். பிரிச்சு எடுக்கப் பாப்பாங்களாம். முடியலன்னா அதையும் சேத்துத்தான் எடுக்கணுமாம்.”

என் கை தானாகப் போய்விட்டது. கழுத்துக்கு, இடதுபக்கம், நெல்லிக்காய் அளவு, ஸ்கூல் ஐடி கார்டு நாடா உரசுகிற இடம். தைராய்டு, மாத்திரை போட்டால் கரைந்துவிடும், என் வயசுப் பெண்கள் பாதிப் பேருக்கு இருக்கிறது, இப்படித்தான் சொன்னார்கள், மார்ச்சில் பரீட்சைக்கு நடுவில் ஊசியால் குத்தி எடுத்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள், அந்த நர்ஸ் ‘அசையக்கூடாதும்மா, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்’ என்றாள், நான் ஆட்டோவில் வரும்போதே அவளை எடுத்துவிட்டேன், எறும்பு கடிக்கிற மாதிரிதான், எறும்பு கடிக்கிற மாதிரிதான், அம்மா அப்போதும் சிரித்தாள், ஆட்டோ சத்தத்தில் அது சிரிப்புதானா என்று நான் பார்க்கவில்லை, வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு பேக்கரி பலகையில் எழுத்து விழுந்து ‘சூடான பப்’ என்று மட்டும் இருந்தது, அது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அம்மாவின் முகம் ஞாபகம் இல்லை. ஜூன் நாலு எனக்கு. எனக்குத்தான். நரம்பு என்னுடையது. வெந்நீர் கழுத்துவரை இருக்கிறது, ஆனால் கழுத்து மட்டும் குளிர்கிறது, தண்ணீருக்கு மேலே இருக்கிற பாகம் வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. நான் அம்மாவாக இருக்கிறேன், அம்மா இப்போது என்ன சொல்வாள், சீக்கிரம், சும்மா இருந்தால் அப்பா கண்டுபிடித்துவிடுவார்.

“சேத்து எடுத்தா… என்னாகுமுங்?”

“சொன்னேம்லா பிள்ள. காத்துதான் வருமாம். பேச்சு இருக்கும். சத்தம் இருக்காது. காத்து மாதிரிப் பேசலாமாம்.”

காத்து மாதிரி. வாயைத் தண்ணீரின் விளிம்புக்குக் கொண்டுபோய்க் காற்றாக மட்டும் ஒரு ஏனுங் சொல்லிப் பார்த்தேன், கோபி போய்விட்டது, மூக்கில் ஏறுகிற அந்த ங் எங்கேயும் ஏறவில்லை, யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். காற்றாக ஜோஸு, காற்றாக இராஷ்ஷாய்மஸே, காற்றாக எறும்பு கடிக்கிற மாதிரிதான். எல்லோரும் ஒரே ஆளாக ஆகிவிட்டார்கள். வகுப்பில் பிரின்ஸிபல் மேடம் வருகிறார் என்று கதவுக்குப் பின்னால் நின்று நான் ‘ஸைலன்ஸ்’ என்றால் நாற்பத்தாறு பேரும் எழுந்து நிற்பார்கள், காற்றாகச் சொன்னால் மின்விசிறி கூடத் திரும்பாது. வேன் டிரைவர் ஜோசப் அண்ணனின் ‘எறங்கு எறங்கு எறங்கு’, மாநகராட்சிக் குப்பைவண்டிப் பெண்ணின் ஒலிபெருக்கி, மேல்வீட்டு வங்காளி மாமி, எங்கள் தெரு நாய் வண்டியைத் துரத்திவிட்டு ஏமாந்து திரும்பி வருகிறபோது போடுகிற அந்த அரைக்குரைப்பு, அதுகூட என்னிடம் இருக்கிறது, இவ்வளவு பேரும் என் கழுத்துக்குள் ஒரு நூல் மாதிரி நரம்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தார்களா, யாரும் சொல்லவே இல்லையே. அது அறுந்தால் இவர்கள் எங்கே போவார்கள். தலைக்குள் இருப்பார்களா, சத்தமில்லாமல், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயசைக்கிற ஆட்கள் மாதிரி. அப்புறம் அந்தச் சிரிப்பு. ரயில், விடுதி வாசல், கெமிஸ்ட்ரி சார். கிள்ளாத தொடை. நான் நல்ல ஃபார்மில் இல்லை. அவர்கள் முன்பே பேசி வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள்.

மூக்கை உறிஞ்சினேன். அம்மா அழுவதை நான் எடுத்து வைத்திருக்கிறேன், முதலில் மூன்று சின்ன உறிஞ்சல், பிறகு ஒரு பெரிய இழுப்பு, உறவுக்காரர் வீடுகளில் செய்து காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது அதை எடுக்கவேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அதுவாக வந்தது, மூன்று சின்னதும் ஒரு பெரியதும், அப்படியே அச்சு.

“அழாத பிள்ள. அவ வந்துரப்போறா. அவ முன்னாடி சிரிக்கணும்னு பேசியிருக்கோம்லா.”

“ஆமாங்.”

“நீ ஏனுங்ன்னு கூப்புடும்போதே நெனச்சேன், அழத்தான் கூப்புடுதன்னு.”

அங்கே என் மூளை மாட்டிக்கொண்டு நின்றது. ஏன் இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார், பிள்ளை எங்கே என்று ஒரே ஒரு தரம் கேட்டதோடு சரி. அந்த வார்த்தையை நான் எங்கே கேட்டேன் என்று தேடினேன், மூடிய படுக்கையறைக் கதவுக்கு வெளியே, தண்ணீர் குடிக்க எழுந்தபோது. மொட்டைமாடியில் கொடிக்குப் பின்னால், அம்மா போனில், நான் கிளிப் எடுக்கப் போனபோது. குளியலறைக் குழாய்ச் சத்தத்துக்குள். எதிரே நின்று ஒருநாளும் கேட்டதில்லை. என்னைப் பார்த்ததும் அது என்னங்க ஆகிவிடும், கொண்டையை முடிந்துகொள்கிற மாதிரி. ஏனுங் என்றால் பிள்ளை பக்கத்தில் இல்லை என்று அர்த்தம். பதினாறு வருஷமாக அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் இருந்த அறை அது, நான் அதன் சாவியை வேடிக்கையாக இருக்கிறதே என்று எடுத்துக் கிலுக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன், இன்றைக்குத் தெரியாமல் பூட்டில் வைத்துத் திருப்பிவிட்டேன், உள்ளே விளக்கு எரிகிறது, உள்ளே என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

“டாய்ஜோபு?”

அந்த அம்மாள். என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள், துண்டு தலையிலிருந்து நழுவுகிறது. டாய்ஜோபு? என்றேன் நானும், பழக்கம், வந்ததை அப்படியே திருப்பிப் போடுகிற பழக்கம். அவள் புருவத்தைச் சுருக்கி மறுபடி டாய்ஜோபு? என்றாள். நல்லா இருக்கியா என்று கேட்பதற்கும் நல்லா இருக்கேன் என்று சொல்வதற்கும் இவர்களுக்கு ஒரே வார்த்தைதான், அப்பா சொல்லியிருக்கிறார், கடைசியில் குரலைத் தூக்கினால் கேள்வி, இறக்கினால் பதில். நான் தூக்கித் தூக்கியே திருப்பிப் போடுகிறேன், அவள் என்னைக் கேட்கிறாள், நான் அவளைக் கேட்கிறேன், நடுவில் ஆவி. எனக்கு இறக்கத் தெரியும். எவ்வளவோ பேர் குரலை இறக்கியிருக்கிறேன். இறங்க மாட்டேன் என்கிறது. அவளுக்கு நான் தட்டியோடு பேசுகிற பைத்தியமாகத் தெரிந்திருக்கும். கடைசியில் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் நம்பாமல் ஓரடி நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

“ஒண்ணு சொல்லட்டா பிள்ள,” என்றார் அப்பா. தட்டிக்கு மிக அருகில் வந்திருந்தார், மூங்கில் அவர் குரலில் அதிர்ந்தது. “நீங்க ரெண்டு பேரும் வந்த நாள்லேருந்து அவ பேசுததயெல்லாம் போன்ல பிடிச்சுட்டு வாரேன். நூத்திப் பன்னெண்டு ஆயாச்சு.”

போன். எப்போது பார்த்தாலும் போனை நீட்டிக்கொண்டு, நான் மலையைப் படம் பிடிக்கிறார் என்று நினைத்தேன், ஒருதரம் ‘அப்பா மலை அந்தப் பக்கம்’ என்று அவர் தோளைப் பிடித்துத் திருப்பிக்கூட விட்டேன், அதையும் அவரைப் போலவே நெல்லைப் பேச்சில் சொல்லி.

“நேத்து ஒக்காந்து எல்லாத்தையும் கேட்டேன். பாத்துக்க, ஒண்ணுலகூட அவ இல்ல. ரயில்காரி இருக்கா, அவ வாத்தியார் இருக்காரு, நீ இருக்க, நானே பதினெட்டு தடவ இருக்கேன். என் பிள்ள எங்க இருக்கான்னு தேடுதேன், காணோம். ஆபரேஷனுக்கு முன்னாடி அவ அவளாப் பேசுனது ஒண்ணு, ஒரு நிமிசம் போதும் எனக்கு. அத எப்படிக் கேக்க? நீயாப் பேசுட்டின்னு சொன்னா எதுக்குன்னு கேப்பா.”

கேட்பேன். நிச்சயமாகக் கேட்பேன், அதையும் யார் குரலிலாவது. நான் நானாகப் பேசினது எப்போது. வருகைப்பதிவில் பிரசெண்ட் மிஸ் என்பேன், அது எனக்கு முன்னால் சொன்ன மீனலோசனியின் பிரசெண்ட் மிஸ், தினமும், அவள் அழுதிருக்கிறாள் அதற்காக. அடிபட்டால்? போன வருஷம் சைக்கிளிலிருந்து விழுந்தபோது ‘அய்யோ எஞ் சாமி’ என்றேன், அது எதிர்வீட்டுப் பூக்காரம்மா. தூக்கத்தில்? தெரியாது. யாராவது நீ யார் என்று கேட்டால்? அப்படி யாரும் கேட்டதில்லை, எல்லோருக்கும் தெரியும், வாயைத் திறந்தால் இது மிருதான் என்று, வேறு யாராகவாவது பேசுகிறதா, அப்போ மிருதான். அது வேடிக்கையாக இருந்தது இவ்வளவு நாளும். நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் ஜூன் நாலாம் தேதி அவர்கள் வெட்டி எடுக்கப்போவது எதை, அது இருந்ததா முதலில், இல்லாததை வெட்டினால் வலிக்குமா, இல்லை அது எங்கேயாவது அடியில் கிடக்கிறதா, நான் ஒருதரம்கூட எடுத்துப் பார்க்காமல், அதற்குள் கத்தி வந்துவிடுமா. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கந்தகத் தண்ணீரில் அதிக நேரம் இருந்தால் அடித்துக்கொள்ளுமாம், பத்து நிமிடம்தான் என்று பலகையில் இருக்கிறது, எத்தனை நிமிடம் ஆயிற்று.

“அதான் கேக்கேன்,” என்றார் அப்பா. “சொல்லிரலாமா அவகிட்ட? இங்கயே? இல்ல, ஊருக்குப் போயிச் சொல்லுவோமா? நீ சொல்லு. நீ சொன்னா சரி.”

என்னைத்தான் கேட்கிறார். என்னிடம் என்னைப் பற்றிச் சொல்லலாமா என்று என்னையே. வேண்டாமுங் என்று ஒரு வார்த்தை போதும், இன்னும் ஐந்து நாள் அவர்கள் சிரிப்பார்கள், நான் ரயில்காரியாக, சாராக, விடுதிக்காரியாக, அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே செய்துகாட்ட வேண்டும், ஐந்து நாள். சொல்லிருங் என்றால் ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார், நான் முதல்முறை கேட்கிற மாதிரி அதிர்ந்துபோக வேண்டும், அதையும் நான் நன்றாகவே செய்வேன், கண்ணை விரித்து, கை கழுத்துக்குப் போய், அய்யோ, இப்போது நிஜமாகப் போன இந்தக் கையை அப்போது நடித்துப் போடவேண்டும். தெரியாதவளாகத் திரும்பிப் போக வழி ஏதாவது இருக்கிறதா, ஏனுங்குக்கு முன்னால், பாட்டின் முதல் வரிக்கு, அவர் அதையே திரும்பப் பாடிக்கொண்டிருந்த இடத்துக்கு. இல்லை. அம்மா என்ன சொல்வாள்? அதைத்தானே நான் எப்போதும் சரியாகச் செய்வேன். தெரியவில்லை. அம்மாவின் குரல் இருக்கிறது, இழுப்பு இருக்கிறது, உள்ளே அம்மா இல்லை.

“சொல்லிருங்.”

“தாங்குவாளா?”

“தெரியலீங்.”

அந்தப் பக்கமிருந்து பிறகு ஒரு சத்தம், வேறு யாரோ ஓர் ஆள் அங்கே இருக்கிறார் என்று நினைத்தேன், வயசானவர், இருமுகிறார் என்று. இருமல் இல்லை. அப்பா. அப்பாவின் இருமலும் தும்மலும் குறட்டையும் கொட்டாவியும் எல்லாம் என்னிடம் இருக்கிறது, இது இல்லை, இதை நான் கேட்டதே இல்லை, தட்டியைப் பிடித்துக்கொண்டு அழுகிறார் போல, மூங்கில் கணுக்கள் கிறீச்சிடுகின்றன. காதைப் பொத்திக்கொண்டேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சத்தம் எனக்குள் போய் உட்கார்ந்துவிடக் கூடாதே என்று பயந்து காதைப் பொத்தினேன், பொத்தின கைக்குள் என் ரத்தம் ஓடுகிற இரைச்சல் கேட்டது, அதுவும் யாருடையதோ மாதிரி இருந்தது.

அதனால்தான் கதவு திறந்தது கேட்கவில்லை. பக்கத்து அம்மாள் என் தோளைத் தொட்டுக் காட்டியபோது அம்மா கரையில் நின்றுகொண்டிருந்தாள், ஸ்வெட்டர் கையைச் சுருட்டி, விரலெல்லாம் பேஸ்ட் நுரை. என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, மூக்கைச் சிந்திவிட்டு, தேறின குரலில்,

“சரி தமயந்தி. நீ சொன்னபடியே செய்வோம். சாப்பாட்டுக்கு முன்னாடியே சொல்லிருவோம்.”

“என்னங்க?” என்றாள் அம்மா, என்னைப் பார்த்துக்கொண்டே. “நான் எப்ப என்ன சொன்னேன்? இப்பத்தான வாரேன்.”

அம்மாவின் கண் என் முகத்திலிருந்து என் கைக்குப் போனது, நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன், எப்போதிருந்து என்று எனக்கே தெரியாது. நுரைக் கையை அவள் அப்படியே வாயில் பொத்திக்கொண்டாள்.

“ஏட்டி,” என்றார் அப்பா, ரொம்ப மெதுவாக, படியில் இருட்டில் காலை வைத்துப் பார்க்கிற மாதிரி. “இவ்ளோ நேரம் நான் யாருகிட்டப் பேசிட்டிருந்தேன்?”

எல்லோரும் வந்துவிட்டார்கள். வாய்க்குள் வரிசை கட்டி நிற்கிறார்கள், ரயில்காரி முதலில், ‘அன்பான பயணிகளே’ என்று ஆரம்பித்தால் அப்பா சிரித்துவிடுவார், இன்றைக்கும் சிரிப்பார், அழுதுகொண்டே சிரிப்பார், அது போதும் இன்றைக்கு, பின்னால் ஜோசப் அண்ணன் எறங்கு எறங்கு என்கிறார், பிரின்ஸிபல் மேடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், அம்மாவே நிற்கிறாள், என்றகிட்டத்தானுங் என்று சொல்லிவிடு, சொல்லிவிட்டு ஓடிவிடு. யாரை விட்டாலும் தப்பித்துவிடலாம். பல்லைக் கடித்துக்கொண்டேன். தாடை வலித்தது. இவர்கள் ஒவ்வொருவருக்கும் நாக்கை எங்கே வைக்க வேண்டும், மூக்கை எவ்வளவு அடைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எனக்கு நாக்கை எங்கே வைப்பது?

“நான்தாம்ப்பா.”

எப்படி இருந்தது என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை, வெளியே போய்விட்டது. கொஞ்சம் தடிப்பாக இருந்திருக்கும். நடுவில் உடைந்திருக்கும்.

தட்டிக்கு அந்தப் பக்கம் அப்பா மூச்சை இழுப்பது கேட்டது.

“இன்னொருக்கா சொல்லு.”

“நான்தான். மிரு.”

அம்மா இறங்கினாள். படியைப் பார்க்கவில்லை, சிவப்புப் பெருக்கல் குறியைப் பார்க்கவில்லை, சுடிதாரும் ஸ்வெட்டருமாக வெந்நீருக்குள் நேராக நடந்து வந்தாள், ஸ்வெட்டர் கனத்துக் கீழே இழுத்தது, துப்பட்டா பின்னால் மிதந்தது. பக்கத்து அம்மாள் விரலை உயர்த்தினாள், ‘ட’ என்று உதடு போயிற்று, அப்படியே விரலை மடக்கித் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். நனைந்த கம்பளி என் கன்னத்தில் குத்தியது. அவள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

“அங்க என்னட்டி சத்தம்?” என்றார் அப்பா.

“அம்மா தண்ணிக்குள்ள எறங்கிட்டா. ஸ்வெட்டரோட.”

“அந்த ‘டமே’ அம்மா ஒண்ணும் சொல்லலியா?”

“சொல்லல.”

“சரி. பேசு.”

“என்ன பேசுறது?”

“என்னமும் பேசு. நிப்பாட்டாத.”

என்ன பேசுவது. யாரையும் கூப்பிடாமல் பேசுவது என்றால் ஒன்றுமே தோன்றவில்லை, கண்ணுக்கு முன்னால் இருப்பதைத்தான் சொல்ல முடியும். தண்ணி ரொம்பச் சூடுப்பா, என்றேன். அம்மா கையெல்லாம் பேஸ்டு, என் தலையெல்லாம் ஆக்கிட்டா, என்றேன். நீ நேத்துக் குடிச்சது வெந்நீர் இல்லன்னு எனக்குத் தெரியும், என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை, நான் கொஞ்சம் காத்திருந்தேன், வரவில்லை. அப்புறம், எனக்குப் பயமா இருக்குப்பா, என்றேன். தட்டிக்கு அந்தப் பக்கத்தில் தண்ணீர்கூட அசையவில்லை.